மூலமும் மாற்றமும்
பெண்ட்லி பந்தய வண்டிகளின் வரலாறு உணர்த்தும் உண்மை

ஒரு பொருளை அது தோன்றிய நாளில் இருந்த நிலையிலேயே காத்து வைப்பதா, காலத்திற்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக் கொள்வதா என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினாவாகும். கோயில் திருப்பணியில் பழைய கல்லை விடுவதா எடுப்பதா என்றும், ஏட்டுச் சுவடியில் சிதைந்த சொல்லை அப்படியே அச்சிடுவதா திருத்திப் பதிப்பதா என்றும் நம்மவர் வாதிட்டதுண்டு. மோட்டார் வண்டியைக் குறித்தும் இதே வினா எழுந்தது, அது நீதிமன்றம் வரை சென்றது, அங்கே 1 கோடி பவுன் விலை பேசப்பட்ட ஒரு வண்டி “அதே வண்டிதானா?” என்று விசாரிக்கப்பட்டது. இச்செய்தி நம் வாசகரிற் பலர் அறியாததாக இருக்கலாம். இயந்திரங்களில் நாட்டமில்லாதவரும் இதனைக் கருதிப் பார்த்தல் நலம். வினா வண்டியைப் பற்றியதேயாயினும், விடை வரலாற்றைப் பற்றியது.

விரைவு வண்டிகளை விரும்புவோர் இரு கட்சியினர். தொழிற்சாலையிலிருந்து எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே, திருகாணியும் மாறாமல், வைத்துப் போற்ற வேண்டும் என்பவர் ஒரு சாரார். வண்டி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதனை இன்னும் விரைவாக, இன்னும் உறுதியாக ஓடச் செய்யும் மாற்றம் எதுவும் குற்றமன்று என்பவர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் பக்கம் நியாயம் இருப்பதாகவே நம்புகின்றனர். எக்கட்சி சரி என்று முடிவு செய்யுமுன், இந்த விவாதத்திற்கு உரைகல்லாக விளங்கும் இங்கிலாந்து நாட்டுப் பெண்ட்லி வண்டிகளின் வரலாற்றை முறையாக ஆராய்வோம்.

மாற்றத்திற் பிறந்த பெயர்

வால்ட்டர் ஓவன் பெண்ட்லி 1888-ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தவர். இளமையில் டான்காஸ்டர் நகரத்து இரயில்வே தொழிற்கூடத்திற் பயிற்சி பெற்றார். நீராவி இயந்திரத்தின் எடையும் உறுதியும் அவருடைய மனத்திற் பதிந்தன. பிற்காலத்தில் அவர் செய்த வண்டிகளிலும் அவ்வுறுதியைக் காணலாம். 1912-இல் அவரும் அவருடைய தமையனாரும் டி. எப். பி. என்னும் பிரெஞ்சு வண்டிகளை இலண்டனில் விற்கும் உரிமையைப் பெற்றனர்.

இங்கே ஒரு குறிப்பு உன்னத்தக்கது. பிற்காலத்தில் தம் வண்டிகளைப் பிறர் மாற்றுவதை வெறுத்த இப்பெரியார், தம் வாழ்வைத் தொடங்கியதே பிறர் செய்த வண்டியை மாற்றித்தான். 1913-இல் அவர் டி. எப். பி. தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, மேசையின்மேல் தாள்கள் பறவாதிருக்க வைத்திருந்த சிறிய பொருள் ஒன்றைக் கண்டார். அது பிஸ்டன் வடிவில் அலுமினியத்தால் வார்க்கப்பட்டிருந்தது. அக்காலத்துப் பிஸ்டன்கள் இரும்பாலோ எஃகாலோ ஆனவை, எடை மிகுந்தவை. அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆயினும் இயந்திரத்தின் வெம்மையை அது தாங்காது என்பதே பலருடைய எண்ணம். பெண்ட்லி 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்த உலோகத்தாற் பிஸ்டன்களை வார்ப்பித்து, அவற்றை டி. எப். பி. இயந்திரத்திற் பொருத்தினார். வண்டியின் வேகம் கூடியது. புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் அது சாதனைகளை ஈட்டியது.

முதல் உலகப் போரின்போது அரசாங்கத்தின் பணியில் அமர்ந்த அவர், பிரெஞ்சுக்காரரின் கிளர்ஜே விமான இயந்திரத்தில் இருந்த குறைகளை ஆராய்ந்து, அதனினும் நம்பத்தக்க பி. ஆர். 1 என்னும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆக, பிறருடைய படைப்பை எடுத்து அதன் குறையை நீக்கும் திறத்தாலேயே அவர் பெயர் பெற்றார். 1919-இல் அவர் தம் பெயரிலேயே தொழிற்சாலை தொடங்கியதற்கும் அப்பெயரே முதலாயிற்று.

“தொழிற்சாலை நிலை” என்பது யாது?

பெண்ட்லியின் முதல் வண்டி 3 லிட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டது. 1921-இல் விற்பனைக்கு வந்தது. “தொழிற்சாலையிலிருந்து வந்த மூலநிலை” என்று இன்று நாம் எளிதாகச் சொல்லுகிறோம். ஆனால் அந்நாளைய பெண்ட்லியைப் பொறுத்தவரை அச்சொற்றொடருக்குப் பொருள் காண்பது எளிதன்று.

முதலாவது, தொழிற்சாலை முழு வண்டியை விற்கவில்லை. அடிச்சட்டம், இயந்திரம், அச்சு, சக்கரம் ஆகியவற்றை மட்டுமே செய்து கொடுத்தது. அப்பகுதிக்கு ஐந்தாண்டு உத்தரவாதமும் அளித்தது. மேற்கூட்டை வாங்குவோர் தம் விருப்பப்படி வான்டன் பிளா, கர்னி நட்டிங் முதலிய கூடு கட்டும் நிறுவனங்களிடம் கட்டுவித்துக் கொண்டனர். ஒருவர் திறந்த வண்டியை விரும்பினார். மற்றொருவர் மழைக்கும் குளிருக்கும் அஞ்சி மூடிய வண்டியை விரும்பினார். தொழிற்சாலை அறியாத கூட்டைத் “தொழிற்சாலை நிலை” என்பது எங்ஙனம்?

இரண்டாவது, தொழிற்சாலையே தன் படைப்பை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தது. 1923-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு லே மான் நகரில் முதன்முறையாக 24 மணி நேரப் பந்தயம் நடைபெற்றது. ஜான் டப் என்பாரும் பிராங்க் கிளமெண்ட் என்பாரும் ஒரு பெண்ட்லியில் அதிற் கலந்துகொண்டனர். அவ்வண்டிக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக்கு இருந்தது. சரளைக் கல் பறந்து ஒரு முன்விளக்கை உடைத்தது. மற்றொரு கல் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. வண்டி வழியில் நின்றுவிடவே, கிளமெண்ட் ஒரு சைக்கிளில் எரிபொருளை ஏற்றிச் சென்று அதனை மீட்டுவந்தார். இத்தனைக்கும் பின் அவர்கள் நான்காம் இடம் பெற்றனர். மறு ஆண்டு அவர்கள் கொண்டுவந்த வண்டியில் முன் சக்கரங்களுக்கும் பிரேக்கு இருந்தது. விளக்கிற்குக் கம்பிவலை இருந்தது. தொட்டிக்குக் காப்பு இருந்தது. 1924-இல் அவர்களே வென்றனர். ஓராண்டு அனுபவம் கற்பித்த பாடங்கள் அம்மாற்றங்கள். அவற்றைக் கூடாதென்று ஒதுக்கியிருந்தால் அவ்வெற்றி ஏது? பின்னும் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லே மான் வெற்றி பெண்ட்லிக்கே கிட்டியது.

இவற்றால் நாம் அறிவது ஒன்று. மூலநிலை என்பது ஒரு வண்டியின் வாழ்நாளில் ஏதோ ஒரு நாளில் இருந்த நிலையே. அந்த நாள் எது என்று முதலிற் குறிப்பிடாமல் மூலநிலையைப் பற்றி வாதிடுவது பயனற்றது.

காற்றழுத்தியால் எழுந்த பிணக்கு

வண்டியின் வலிமையைக் கூட்டுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, இயந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்குவது. மற்றொன்று, அதே கொள்ளளவுள்ள இயந்திரத்தினுள் காற்றையும் எரிபொருளையும் அழுத்தித் திணிப்பது. இரண்டாவதைச் செய்யும் கருவிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். தமிழிற் காற்றழுத்தி எனலாம்.

பெண்ட்லி முதல் வழியையே நம்பினார். 3 லிட்டரிலிருந்து 4½ லிட்டர், 6½ லிட்டர், 8 லிட்டர் எனக் கொள்ளளவைப் பெருக்கிக்கொண்டே சென்றார். பெரிய இயந்திரம் அலுப்பின்றி நெடுநேரம் உழைக்கும் என்பது அவர் கொள்கை. காற்றழுத்தியைப் பொருத்துவது தம் இயந்திரத்தின் அமைப்பையே கெடுப்பதாகும் என்று அவர் வெளிப்படையாகக் கூறிவந்தார்.

அவருடைய அணியிலேயே புகழ்பெற்ற பந்தய வீரராக இருந்த ஹென்றி பர்க்கின் இதற்கு உடன்படவில்லை. ஜெர்மானியரின் மெர்சிடிஸ் வண்டிகளும் இத்தாலியரின் வண்டிகளும் காற்றழுத்தியால் முன்னேறி வருவதை அவர் கண்டார். அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியியல் வல்லுநரைக் கொண்டு 4½ லிட்டர் இயந்திரத்திற்கு ஏற்ற காற்றழுத்தியைச் செய்வித்தார். செல்வச் சீமாட்டியாகிய டாரதி பேஜெட் அம்மையார் பொருளுதவி புரிந்தார். வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் இதற்கெனத் தனிப் பட்டறை அமைந்தது. இயந்திரத்தின் கிராங்க் தண்டினால் இயக்கப்படும் அக்கருவி, குளிர்நீர்க் கலமாகிய ரேடியேட்டருக்கு முன்னே துருத்திக்கொண்டு நின்றது. சாதாரண 4½ லிட்டர் வண்டியின் வலிமை ஏறக்குறைய 110 குதிரைத் திறன். பர்க்கினுடைய பந்தய வண்டியின் வலிமையோ 240 குதிரைத் திறன். இவ்வகை வண்டிகளை ‘புளோவர்’ என்று வழங்கினர்.

லே மான் பந்தய விதியின்படி, பொதுமக்களுக்கு விற்கும் வகையில் 50 வண்டிகளேனும் செய்யப்பட்டாலன்றி அவ்வகை வண்டி போட்டியிடல் ஆகாது. நிறுவனத்தின் தலைவராகவும் பணம் போட்டவராகவும் இருந்த உல்ப் பர்னாட்டோ இசைவு தந்தார். ஆகவே பெண்ட்லியின் விருப்பத்திற்கு மாறாக அவருடைய தொழிற்சாலையே 50 புளோவர் வண்டிகளைச் செய்தது. எது தொழிற்சாலைப் படைப்பு, எது பிறர் செய்த மாற்றம் என்ற எல்லைக் கோடு இங்கே அழிந்துபோயிற்று.

விளைவு யாது? 1930-ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தில் பர்க்கின் தம் புளோவரைக் கொண்டு கரச்சோலா ஓட்டிவந்த மெர்சிடிசைத் துரத்தி முந்தினார். காண்போர் மெய்சிலிர்த்தனர். ஆனால் அவருடைய டயரின் மேற்பட்டை பிய்ந்தது. இறுதியிற் புளோவர் வண்டிகள் இரண்டும் பந்தயத்தை முடிக்காமலே விலகின. வென்றது காற்றழுத்தி இல்லாத 6½ லிட்டர் வண்டி. பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் ஓட்டியது. பெண்ட்லி சொன்னதே மெய்யாயிற்று என்று தோன்றும். ஆயினும் அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், இலேசான புகாட்டி வண்டிகளுக்கு இடையே பர்க்கினின் கனத்த புளோவர் இரண்டாம் இடம் பெற்றது. 1932-இல் ஒற்றை இருக்கையுள்ள அவருடைய புளோவர் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை நிலைநாட்டியது. பர்க்கின் 1933-இல் இயற்கை எய்தினார்.

லே மான் பந்தயத்தில் ஒருபோதும் வெற்றி காணாத இப்புளோவர்தான் இன்று பெண்ட்லி என்றதும் உலகோர் மனக்கண்முன் தோன்றுவது. மேலே சொன்ன ஒற்றை இருக்கை வண்டி 2012-இல் ஏலத்திற்கு வந்தபோது 50 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அவ்வண்டியிலிருந்து காற்றழுத்தியைக் கழற்றிவிட்டு, “இதனைப் பெண்ட்லி கருதிய மூலநிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்” என்று இன்று ஒருவர் சொல்வாராயின், அவரை அறிவிலி என்றே உலகம் இகழும். ஆம், ஒரு தலைமுறையினர் கெடுதல் என்று கருதிய மாற்றம், அடுத்த தலைமுறையினர் தொட அஞ்சும் மூலமாகிவிட்டது.

‘ஓல்டு நம்பர் ஒன்’

இனி நீதிமன்றம் சென்ற வண்டிக்கு வருவோம். ‘ஸ்பீட் சிக்ஸ்’ என்னும் 6½ லிட்டர் வகையைச் சார்ந்த ஒரு பந்தய வண்டி 1929-இல் லே மான் வெற்றியைப் பெற்றது. ஓட்டியவர்கள் பர்னாட்டோவும் பர்க்கினும். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களும் பெண்ட்லிக்கே கிடைத்தன. மறு ஆண்டிலும் அதே வண்டி அதே பந்தயத்தில் வென்றது. ‘ஓல்டு நம்பர் ஒன்’, அதாவது ‘பழைய முதல் எண்’, என்று அதற்குச் செல்லப் பெயர் வழங்கலாயிற்று.

1931-இல் பெண்ட்லி நிறுவனம் கடனில் மூழ்கி, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆயினும் வண்டி ஓய்வு பெறவில்லை. அவ்வாண்டு புரூக்லண்ட்சில் 500 மைல் பந்தயத்தை வென்றது. மறு ஆண்டு அதில் 8 லிட்டர் இயந்திரம் ஏற்றப்பட்டது. 1932 செப்டம்பரில் அதே 500 மைல் பந்தயத்தில் கிளைவ் டன்பி என்னும் இளைஞர் அதனை ஓட்டினார். புரூக்லண்ட்ஸ் பாதையின் வளைவுகள் சுவர்போல் உயர்ந்து சாய்ந்தவை. அவ்வளவில் வண்டி வளைவின் விளிம்பைக் கடந்து வெளியே பாய்ந்தது. டன்பி உயிரிழந்தார். முன் ஆண்டு இதே வண்டியில் வென்றவர்களுள் ஒருவரான அவருடைய தமையனார் அன்றும் அவருடன் முறைவைத்து ஓட்டியவர்.

பர்னாட்டோ அவ்வண்டியைக் குப்பையில் எறியவில்லை. எஞ்சியதைக் கொண்டு அதனை மீண்டும் கட்டுவித்து, சாலையிற் செல்லும் மூடிய வண்டியாக மாற்றினார். பின்னர்ப் பல ஆண்டுகள் கழிந்து, அதனை வாங்கிய ஓர் உரிமையாளர் மூடிய கூட்டை அகற்றிப் பழைய லே மான் பந்தய வடிவிற்கு அதனைத் திருப்பினார். 1990-இல் ஒரு நிறுவனம் அதனை 1 கோடி பவுனுக்கு வாங்க உடன்பட்டது. பின்னர், “இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அன்று” என்று கூறி மறுத்தது. விற்றவர் வழக்குத் தொடுத்தார்.

தீர்ப்பும் அதன் நுட்பமும்

இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் இவ்வழக்கை விசாரித்து 1990 ஜூலையில் தீர்ப்பளித்தார். வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் எக்காலத்தது என்று வல்லுநர்கள் சாட்சியம் கூறினர். அதிலிருந்து நீதிபதி கண்ட முடிவுகள் வியப்பூட்டுவன. 1929-இல் லே மானில் வென்ற வண்டியின் உறுப்புக்களில், காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துக்கள் தவிர, ஒன்றும் எஞ்சவில்லை. 1930-இல் வென்ற வண்டியிலிருந்து பிரேக்கு முதலிய மிதிகளின் தண்டு, கியர் பெட்டியின் உறை, திசைமாற்றித் தண்டு ஆகியவையே எஞ்சின. 1932-இல் விபத்துற்ற வண்டியின் அடிச்சட்டமும் முன் அச்சும் வேறு சில உறுப்புக்களும் இருந்தன. அவ்வளவே.

இதனைக் கேட்பவர், “அப்படியானால் வாங்க மறுத்தவர் சொன்னதே சரி” என்பர். நீதிபதி அவ்வாறு கூறவில்லை. அவர் சொற்களை நுட்பமாகப் பிரித்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த அதே உறுப்புக்கள் அதே நிலையில் இருப்பதே ‘மூலம்’ எனப்படும். இவ்வண்டி அந்தப் பொருளில் மூலம் அன்று என்றார். ஆனால் இது எந்நாளிலும் அழிந்து போகவும் இல்லை, கைவிடப்படவும் இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பழுதுற்றவை கழற்றப்பட்டுப் புதியவை பூட்டப்பட்டன. ஆயினும் ஒரே வண்டியாகவே இடையறாத வரலாற்றுடன் அது வாழ்ந்துவந்தது. உலகில் வேறெந்த வண்டியும் அப்பெயருக்கு உரிமை கொண்டாட இயலாது. ஆகவே இது ‘மெய்யான’ ஓல்டு நம்பர் ஒன்னே என்று முடிவு செய்து, பேசியபடி விலையைக் கொடுத்து வாங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

மூலம் வேறு, மெய்ம்மை வேறு என்ற இப்பாகுபாடு நம் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. இன்று நம் கையிலுள்ள சங்க நூற் சுவடி எதுவும் புலவர் தம் கையால் எழுதிய ஏடன்று. ஏடு செல்லரித்துப் போகுமுன் மற்றோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி, அதுவும் அழியுமுன் இன்னோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி வழிவழியாகக் காத்ததாலேயே நூல் வந்து சேர்ந்தது. ஓலையால் அது மூலம் அன்று. வரலாற்றால் அது மெய். கிரேக்க நாட்டு ஏதென்சு மக்கள் தம் வீரன் தீசியூசின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி அதனைக் காத்தனர் என்றும், அது அதே கப்பலா என்று தத்துவ அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். அவ்வாதத்திற்கு நீதிமன்றத்தில் விடை பெற்றுத் தந்தது ஒரு மோட்டார் வண்டி.

மாற்றாதார் கட்சியின் நியாயம்

இதுகாறும் கூறியவற்றால் மாற்றுவோர் கட்சியே வென்றது என்று கருதிவிடலாகாது. மாற்றாமற் காப்போர் பக்கம் வலிய நியாயம் ஒன்று உண்டு. மாறாத பொருள் ஒரு சான்று. அந்நாளைய தொழிலாளி ஆணியை எப்படி அறைந்தான், எந்த வண்ணத்தை எத்தனை முறை பூசினான், தோலை எப்படித் தைத்தான் என்பதையெல்லாம் அப்பொருள் ஒன்றே கூறும். புத்தகம் கூறாது. ஒருமுறை சுரண்டி எறிந்த வண்ணத்தை மீண்டும் பெற இயலாது. புதிதாக வேறொன்றைப் பூசலாம். அது நம் ஊகமேயன்றிச் சான்றாகாது.

பெண்ட்லி வண்டிகளிலேயே இவ்விழப்பு பேரளவில் நேர்ந்தது. 8 லிட்டர் வண்டிகள் மொத்தம் 100 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை செல்வர்கள் குடும்பத்துடன் செல்வதற்கேற்ற கனத்த மூடிய வண்டிகள். பந்தய வண்டியின் புகழ் பெருகப் பெருக, மூடிய வண்டியை வைத்திருந்தோர் பலர் அதன் கூட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு லே மான் சாயலில் திறந்த கூட்டைக் கட்டிக்கொண்டனர். 3 லிட்டர் அடிச்சட்டத்தில் 8 லிட்டர் இயந்திரத்தை ஏற்றிய கலப்பு வண்டிகளும் தோன்றின. அவற்றின் வேகம் உண்மையே. ஓட்டுவோர் பெற்ற இன்பமும் உண்மையே. ஆனால் அவ்வாறு இயந்திரம் எடுக்கப்படும்போதெல்லாம் நூற்றில் ஒன்று குறைந்தது. கூடு கட்டும் கலைஞர்கள் மரத்தாலும் தோலாலும் இழைத்த அரிய வேலைப்பாடு சுவடின்றி மறைந்தது. புகழ்பெற்ற ஒன்றைப் போல ஆக வேண்டும் என்னும் ஆசையால், புகழ் பெறாத பல தம் சொந்த உருவை இழந்தன.

இங்கு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். 1924-இல் முன் சக்கரத்திற்குப் பிரேக்கு வைத்தது தேவையால் நேர்ந்த மாற்றம். 1929-இல் காற்றழுத்தி வைத்தது கொள்கையால் நேர்ந்த மாற்றம். 1932-க்குப் பின் வண்டியை மீண்டும் கட்டியது விபத்தால் நேர்ந்த மாற்றம். மூன்றும் வண்டியின் வாழ்க்கையிலேயே நிகழ்ந்தவை. அதனால் அதன் வரலாறாகவே ஆகிவிட்டன. மூடிய வண்டியைப் பிய்த்து லே மான் வேடம் பூட்டுவதோ, தனக்கில்லாத வரலாற்றைத் தனக்கு உரியதாகக் காட்டுவது.

இக்கருத்து இன்று உலகளாவிய ஒப்புதலைப் பெற்றுள்ளது. 1930-ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்ட வண்டிகளைப் போற்றுவதற்காக 1934-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. 1966-இல் பல நாட்டுச் சங்கங்களும் கூடிப் பழைய வண்டிகளுக்கென ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவின. அக்கூட்டமைப்பு பின்னர் ‘டூரின் சாசனம்’ என்னும் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. வண்டி தன் பயன்பாட்டுக் காலத்தில் அடைந்த மாற்றங்கள் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. ஆகவே அவையும் காக்கத்தக்கவை. பிற்காலத்தில் செய்யும் வேலை எதுவாயினும் அது பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அச்சாசனத்தின் சாரம்.

புதிய பழமை

அண்மைக் காலத்தில் இவ்வினா மற்றொரு வடிவில் எழுந்துள்ளது. பெண்ட்லி நிறுவனம் 2019-இல் ஓர் அறிவிப்புச் செய்தது. தன் உடைமையாக உள்ள பர்க்கினின் பந்தயப் புளோவர் ஒன்றை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, கருவிகளால் அளந்து, அவ்வளவுகளின்படியே 12 புதிய புளோவர்களைச் செய்யப்போவதாகக் கூறியது. அவ்வாறே செய்தும் விற்றது. 2022-இல் ‘ஸ்பீட் சிக்ஸ்’ வகையிலும் 12 செய்வதாக அறிவித்தது.

இவற்றை என்னென்பது? செய்தது அதே பெயர் கொண்ட தொழிற்சாலை. அளவும் அமைப்பும் பழையன. ‘ஓல்டு நம்பர் ஒன்’ வண்டியினும் இவையே 1929-ஆம் ஆண்டு வடிவத்திற்கு நெருங்கியவை என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆயினும் இவற்றில் எதுவும் லே மானில் இரவெல்லாம் ஓடவில்லை. எதன் சக்கரத்தின் பின்னும் பர்க்கின் அமரவில்லை. வடிவம் உண்டு, வாழ்க்கை இல்லை. முன்னதற்கு வாழ்க்கை உண்டு. பழைய உறுப்புக்கள் இல்லை. ஆனாலும் நிறுவனத்தின்மீது நாம் குறை கூறுவதற்கில்லை. இவை புதியவை என்று சொல்லியே அது விற்றது. பெயரை மறைத்திருந்தாலன்றோ பிழை!

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிவு, மாற்றக்கூடாது என்பதும் அன்று. விருப்பம்போல் மாற்றலாம் என்பதும் அன்று. ஆசிரியர்களாகிய நமக்கு இதனை உணர்த்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடே போதும். மாணவன் பெயரோ பிறந்த நாளோ பிழையாக எழுதப்பட்டிருந்தால், அதனைச் சுரண்டி அழிப்பதற்கு நமக்கு அனுமதி இல்லை. பழைய எழுத்து படிக்கும்படியாக ஒரு கோடு இழுத்து, மேலே திருத்தத்தை எழுதி, பக்கத்திற் கையொப்பமும் தேதியும் இடுகிறோம். பிழையோடு விடுவது மாணவனுக்குத் தீங்கு. அழித்துத் திருத்துவது பதிவேட்டிற்குத் தீங்கு. கோடிட்டுக் கையொப்பமிடுவதோ இருவர்க்கும் நன்று.

வண்டிக்கும் அதே நெறிதான். மாறாமல் நிற்பது ஒன்றிரண்டே எஞ்சியிருப்பின், அதன்மேற் கைவைக்காதிருப்பதே அறிவுடைமை. அது எல்லார்க்கும் பொதுவான சான்று. உயிரைக் காக்கவோ தொடர்ந்து இயங்கவோ மாற்றம் இன்றியமையாததாயின், அதனைத் தயங்காமற் செய்க. கழற்றிய உறுப்பைப் பத்திரப்படுத்துக. செய்ததை எழுதி வைக்க. வாங்குவோரிடம் உள்ளதை உள்ளபடி கூறுக. 1990-ஆம் ஆண்டு வழக்கில் 1 கோடி பவுன் ஊசலாடியது உறுப்புக்கள் மாறியதனால் மட்டுமன்று. மாறிய வரலாற்றை எச்சொல்லாற் குறிப்பது என்பதனாலேயே. அவ்வண்டியை இறுதியிற் காத்ததும் அதன் இரும்பு அன்று. எந்த ஆண்டில் எது மாறியது என்று ஆய்ந்து சொல்வதற்கு இடந்தந்த பதிவுகளே அதனைக் காத்தன.

மொழியையும் கோயிலையும் பள்ளியையும் வழிவழியாகப் பெற்று, வழிவழியாகக் கொடுக்கும் நிலையில் உள்ளவர்கள் நாம். பெற்றதை அப்படியே கொடுப்பது எப்போதும் இயல்வதில்லை. இயன்றாலும் எப்போதும் நன்மை பயப்பதில்லை. ஆனால் எதனைப் பெற்றோம், எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பின்வருவோர்க்குச் சொல்லிச் செல்வது என்றும் இயலும். அதுவே நம் கடன்.